வெயிலில் ஒரு பங்கு

1

ஊரில் நீங்கள் பொங்கிப் படைத்து, பானையும் கழுவிக் கவிழ்த்துவிட்ட பிறகுதான் எங்கள் ஊருக்குச் சூரியன் வருவார். நோர்வேயின் வடக்கு அந்தத்தில், கடலை ஒட்டிக் கிடக்கிற சின்ன மீன்பிடி ஊர் இது. கார்த்திகைக் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்குகிறவர், தை பிறந்து நன்றாக நாள் போனபின்தான் ஒரு கீற்றைக் காட்டுவார். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடக்காது. பிள்ளைகளை வெளியில் கொண்டுபோய் நிறுத்திச் சூரியனைக் காட்டிவிட்டு பணிஸ் என்கிற இனிப்புப் பன் கொடுப்பார்கள். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் அந்தப் பணிஸ் என் பொறுப்பு. பொங்கலுக்குப் பதில் பணிஸா என்று முதல் வருடம் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது மாவில் ஏலக்காயைக் கொஞ்சம் கூடப் போடுகிறேன். கிழவர்கள் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் அந்த நாளுக்கு மகள் மதுரா வந்திருந்தாள். தெற்கே பெரிய நகரத்தில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் கணினியோடுதான் வருவாள். இம்முறை வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டாள்.

“அம்மா, உங்கடை வீட்டிலை அந்தக் காலத்திலை சோலார் இருந்ததாம், அப்பா சொன்னவர். உண்மையோ?”

“ஓம். ஏன், பரிசு தரப்போறாங்களோ?”

பரிசு இல்லை, கட்டுரை. வறிய நாடுகளில் சூரிய மின்சாரத்தின் பொருளாதாரம் என்று தலைப்பாம். நேரில் பயன்படுத்திய ஒருவரைக் கேட்டு எழுதினால் நல்லதென்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இவளுக்குச் செலவில்லாமல் கிடைத்த வறிய நாடு நான்.

சாப்பாட்டு மேசையில் இருத்தி வைத்து விசாரணை தொடங்கினாள். பனலின் சொந்தக்காரர் யார்? ஒருவரும் இல்லை என்றேன். ஒரு பற்றரியை நிரப்ப என்ன கட்டணம்? கட்டணம் இல்லை என்றேன். மழைகாலத்தில் நட்டம் யாருடையது? எல்லாருடையதும் என்றேன். அவள் கணினியை மூடிவிட்டு நோர்வேஜிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழி, எனக்குத் தமிழ். இரண்டு பேருக்கும் பசி வந்தால்தான் பொதுவான மொழி ஒன்று வரும்.

“அம்மா, இப்படி எழுதினால் எனக்கு முட்டைதான் போடுவினம். முதலிலை இருந்து சொல்லுங்கோ.”

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது தெரிந்த கதை. ஆனால் கடைசித் துண்டு எனக்கே அன்றைக்குத்தான் தெரியவந்தது.

2

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் கறண்ட் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், பிறகு வருடக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெயை ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சமாய் விட்டுத் திரி போட்டு எரித்தோம். கதை வாசிக்கிறவர்களை விளக்கைத் தின்னுகிறார்கள் என்று வீட்டில் ஏசினார்கள். பாட்டுக் கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி, காலால் அல்ல, கையால் மிதிக்கவேண்டும்.

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடலில் இருந்து கூப்பிடு தூரம். எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா மீன்பிடிகாரர். கடலுக்குப் போகத் தடை வந்தபின் படகு பூவரசுக்குக் கீழே குப்புறக் கிடந்தது. இஞ்சின் சாக்குப் போர்த்தபடி வீட்டுக்குள் கிடந்தது. அம்மா அதன்மேல் அரிசிப் பெட்டியை வைத்திருந்தா.

பிறகு கிளாலிப் பக்கம் கடனீரேரியால் படகுகளில் சனத்தை ஏற்றி இறக்கத் தொடங்கினார்கள். இஞ்சின் வைத்திருந்தவனுக்கு ராசமரியாதை வந்தது. யாரோ ஒருவர் ஒரு அரசாங்கக் கந்தோர்க் கூரையில் இருந்து இறக்கிய சோலார் பனலை வைத்துக்கொண்டு இஞ்சின் தேடித் திரிந்தார். ஐயா இஞ்சினைக் கொடுத்துவிட்டுப் பனலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பெரிய மேசையின் அளவு, உள்ளே கறுப்புக் கறுப்பாய்ச் சதுரங்கள், மேலே கண்ணாடி.

அம்மா வாசலில் நின்று பார்த்தா.

“கடலிலை ஓடுற சாமானைக் குடுத்திட்டுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வாறார். முகம் பாக்கவோ?”

“கடலைப் பூட்டிப்போட்டாங்கள். வெயிலை ஆர் பூட்டுறது?” என்றார் ஐயா.

அம்மா கிழமைக்கணக்காக அவரோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

3

பனல் என்று சொல்ல ஐயாவுக்கு வாய் வராது. பலகை என்றார். நாங்களும் பலகை என்றே சொன்னோம். பொருளாதாரம் இங்கேதான் தொடங்குகிறது, மகள் பேனையை எடுத்ததும் இங்கேதான்.

ஐயாவின் படகில் அவரோடு இரண்டு பேர் தொழிலுக்குப் போனவர்கள், சின்னராசா அண்ணையும் செல்வம் அண்ணையும். கடலில் பிடித்ததை விற்று வந்ததில் படகுக்கும் இஞ்சினுக்கும் ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பாடு கிடைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் எல்லாருக்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் கரைக்கு வந்த மீனைப் பாடு என்பார்கள். ஐயாவுக்கு வேறு கணக்குத் தெரியாது. பலகையை முற்றத்தில் நிறுத்தின அன்றே அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“இஞ்சினுக்குப் பதிலாத்தானே இது வந்தது. அப்ப பங்கும் அதேதான்.”

செல்வம் அண்ணை சைக்கிளில் வீடுவீடாகப் போய் வெறும் பற்றரிகளை ஏற்றிவந்தார். சின்னராசா அண்ணை பற்றரிக்குத் தண்ணீர் விட்டு, வயர் பூட்டி, பலகையில் இருந்து கறண்ட் வருகிறதா என்று மீற்றரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடியக் காலை ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பேன். ஐயா வெயில் போகிற பக்கம் பலகையைத் திருப்பித் திருப்பி வைப்பார். பற்றரி நிறைந்தால் அதன் சொந்தக்காரர் தன்னிடம் உள்ளதில் ஏதாவது தருவார். வெங்காயம், முட்டை, ஒரு கொத்து அரிசி, சிலர் காசு. பின்னேரம் அம்மா பாயில் எல்லாவற்றையும் கொட்டி மீனுக்குக் கூறு வைக்கிற மாதிரியே நாலு கூறு வைப்பா. மூன்று பேருக்கு மூன்று, பலகைக்கு ஒன்று. பலகையின் கூறு வயருக்கும் பழுது பார்க்கவும்.

முகில் மூடிய நாளில் ஐயா வாசல் படலையடியில் நின்று பற்றரியைத் திருப்பிக் கொடுப்பார். “இண்டைக்குப் பாடு இல்லை.” வாங்கினவர் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் காசும் தரமாட்டார், ஏசவும் மாட்டார். கடற்கரைச் சனம்தானே, பாடில்லாத நாளை அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

“அப்ப ஏன் விலை வைக்கேல்லை?” என்றாள் மதுரா.

“நானும் ஐயாவைக் கேட்டனான். வெயில் என்ன என்ரை அப்பன் வீட்டுச் சொத்தோ விலை வைக்க எண்டார்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அதை அப்படியே மொழிபெயர்த்து எழுதப் பார்த்தாள். முடியவில்லை. எனக்கும் இதே கஷ்டம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஊரில் என்ன வேலை செய்தீர் என்று வேலை தேடித் தருகிற கந்தோரில் ஒரு பெண் கேட்டாள். பத்துச் சொல்லுக்கு மேல் எனக்கு அந்த மொழி வராது. நாங்கள் வெயில் பிடித்தோம், பங்கு போட்டோம் என்று சொல்லி வைத்தேன். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு மீன்பிடி என்று எழுதினாள். அடுத்த கிழமை மீன் ஆலையில் காலுறை, கையுறை, தொப்பி எல்லாம் தந்து கொட் மீனை வெட்ட விட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது, அதனால் நான் திருத்தப்போகவில்லை.

4

இனிச் சிவம். மகளின் கட்டுரைக்குத் தேவையில்லாதவர், எனக்குத் தேவையானவர்.

பலாலிக் கரைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார்கள், அவரும் அவருடைய பெரியம்மாவும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பெரியம்மாதான் வளர்த்தவ. அவ சொல்லைச் சிவம் தட்டி அறியமாட்டார். சைக்கிள் கடையில் வேலை. கிழமைக்கு ஒருமுறை ரேடியோப் பற்றரியைக் கொண்டுவருவார். மற்றவர்கள் பற்றரியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் பலகையடியில் குந்தி இருந்து முள்ளைப் பார்ப்பார். முள்ளை மட்டும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். எனக்கு அவரில் சரியான விருப்பம். மறைக்க என்ன இருக்கிறது, இப்போதும் அப்படித்தான்.

பெரியம்மா சம்மந்தம் பேச வந்தா.

“எனக்கு வீடும் வேண்டாம், நகையும் வேண்டாம். உந்தப் பலகையைச் சீதனமாத் தாங்கோ, காணும்.”

அவவின் கணக்கு வேறு. அவவுடைய தம்பி எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மோட்டார் திருத்துகிறவர். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கிற இடம் அது. பலகையை அங்கே கொண்டுபோய்க் கூரையில் பூட்டி, அறைக்கு ஒரு பல்பு, பல்புக்கு மாதவாடகை. வெயில் எரித்தாலென்ன மழை பெய்தாலென்ன, வாடகை வாடகைதான். மதுரா இதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். இதுதான் சரியான முறை என்றாள். சரியோ பிழையோ, பெரியம்மாவில் நான் குறை சொல்லமாட்டேன். கல்வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு உடுத்த சேலையோடு வந்த மனிசி. மாதம் பிறந்தால் வருமென்று நம்ப அவவுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

“பலகை என்ரை இல்லை, எங்கடை. கேட்டுச் சொல்லுறன்” என்றார் ஐயா.

அன்று பின்னேரம் பாயைச் சுற்றி இருந்து கேட்டார். செல்வம் அண்ணை நிலத்தைப் பார்த்தார். சின்னராசா அண்ணைதான் வாய் திறந்தார்.

“குடுங்கோ அண்ணை. பிள்ளையின்ரை காரியம் முந்தி.”

சொல்லிவிட்டு எழும்பிப் போனார், தன் கூறை எடுக்கவில்லை. அம்மா அதை என்னிடம் தந்து அனுப்பினா. நான் போனபோது அவருடைய மனிசி அடுப்பில் உலை வைத்துவிட்டு இருந்தா. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உலையில் போடவேண்டிய அரிசி என் கையில் இருந்தது. அந்த வீட்டில் நாலு பிள்ளைகள். பலகை திருநெல்வேலிக்குப் போனால் இந்த உலை என்னத்துக்குக் கொதிக்கும்? திரும்பி வருகிற வழி முழுக்க அழுதேன். சிவம் எனக்கு வேண்டும். இப்படி வேண்டாம்.

அடுத்த முறை சிவம் பற்றரி எடுக்க வந்தபோது படலையடியில் வைத்துச் சொன்னேன். அவரோடு நான் நேரே கதைத்த முதல் கதை அது.

“பலகையோடை என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்களெண்டால், நான் உங்களோடை சந்தோசமா இருக்கமாட்டன்.”

அவர் பற்றரியைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். ரியூப்பை இழுத்து முடிச்சுப் போட்டார். போய்விட்டார். ஒரு ஓம் கூட இல்லை. மரக்கட்டைக்கு ஆசைப்பட்டேனே என்று எனக்கே என்னில் ஆத்திரம் வந்தது.

5

பலகையைப் பார்க்க நல்ல நாள் குறித்து வந்தார்கள். பெண்ணைத்தான் ஏற்கெனவே தெரியுமே. பெரியம்மா, மீற்றரோடு அவவின் தம்பி, பின்னால் வெள்ளைச் சேட்டுப் போட்ட சிவம். ஐப்பசி மாதம், ஆனாலும் அன்று காலை நல்ல வெயில்.

நான் உள்ளே சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் அம்மா செய்த வேலையை நான் காணவில்லை. அவவுக்குப் பலகையோடு இருந்த கோபம் எப்போதோ தீர்ந்திருந்தது. கடைசியாய் ஒருமுறை அதற்கு மரியாதை செய்ய நினைத்திருக்கிறா. புதுப்படகைக் கடலில் இறக்கும்போது முன்பக்க அணியத்தில் சந்தனம் அப்பிப் பொட்டு வைப்பதுதானே எங்கள் வழக்கம். கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கறுப்புச் சதுரத்துக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறா. கீழ்வரிசைக்கு உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாயிற்று. பலகை மணவறைக்குப் போகிற மாதிரி நின்றது.

தம்பிக்காரர் வயரைப் பூட்டினார். முள்ளு கொஞ்சம் அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சின்னராசா அண்ணை அன்றைக்கு வரவில்லை, வர மனமில்லை. ஐயா வயரை ஆட்டிப் பார்த்தார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். முள்ளு எழும்பவில்லை.

“வெயில் எரிக்குது, இது ஏன் இப்பிடிக் கிடக்கு? உந்தச் சந்தனத்தைத் துடைச்சிட்டு ஒருக்காப் பாப்பமோ?” என்று தம்பிக்காரர் தோளில் கிடந்த துவாயை எடுத்தார்.

பெரியம்மா துள்ளி எழும்பினா. “பேச்சுக்கு வந்த இடத்திலை பொட்டை அழிக்கிறதோ? உனக்கென்ன விசரோ?”

அதற்குமேல் யார் கை வைப்பது? தம்பிக்காரர் துவாயைப் பிடித்தபடியே சிவத்தைப் பார்த்தார். “நீ கிழமைக்குக் கிழமை இஞ்சை வாறனீ. நீ என்ன சொல்லுறாய்?”

நான் யன்னலுக்குப் பின்னால் நின்றேன். அந்த வீட்டில் சிவம் வாய் திறந்து நான் கேட்ட முதல் பேச்சு இதுதான்.

“சந்தனத்துக்கும் கறண்டுக்கும் என்ன மாமா தொடுப்பு?”

அதோடு முடிந்தது. பலகை பழுது, கிழட்டுச் சாமான் என்று தீர்ப்பாயிற்று. பெரியம்மாவின் முகம் கறுத்தது. பழுதான பலகையை வாங்கி என்ன செய்ய, வேறு கேட்க எங்களிடம் என்ன இருக்கிறது? எழும்பிப் போகத்தான் செருப்பைத் தேடினா. பலகை தப்பிவிட்டது, சிவம் போகிறார். இரண்டில் ஒன்றுதான் எனக்கென்று அந்த நிமிடம் நினைத்தேன்.

அப்போது சிவம், “பெரியம்மா, பலகை போனால் போகட்டும். எனக்கு ஒரு பங்கு தந்தால் காணும். நானும் பற்றரி ஏத்தி இறக்கிறன்” என்றார்.

பெரியம்மா அவரைப் பார்த்தா. வளர்த்த பிள்ளை இதுவரை வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அம்மா கையில் கிடந்த காப்பு இரண்டையும் கழற்றித் தட்டத்தில் வைத்தா. பெரியம்மா செருப்பை விட்டுவிட்டு வந்து இருந்தா. வெற்றிலை மாற்றினார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் மழை அடித்து ஊற்றிச் சந்தனம் எல்லாம் வழிந்து போயிற்று. அதற்கடுத்த காலை முள்ளு பழைய இடத்துக்கு எழும்பிற்று. ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவி, பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தா. வெற்றிலை மாற்றின பேச்சை என்ன செய்ய? “எல்லாம் இந்த மோடனாலை” என்று சிவத்தைப் பார்த்துச் சொன்னா. மடையன் என்கிற அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

6

தையில் கல்யாணம். அதன்பிறகு அம்மா ஐந்து கூறு வைத்தா. ஒவ்வொரு கூறும் கொஞ்சம் சிறுத்தது உண்மைதான். ஆனால் சிவம் தூரத்து வீடுகளில் இருந்தும் பற்றரி ஏற்றிவந்ததால் பாயில் விழுவதும் கூடிற்று. சின்னராசா அண்ணை வீட்டு உலை கொதித்தது. தொண்ணூற்றைந்தில், பெரிய இடப்பெயர்வுக்கு முன், நாங்கள் இரண்டு பேரும் கொழும்பு போய் இந்த நாட்டுக்கு வந்தோம். பலகையை விற்கவோ பிரிக்கவோ தேவையிருக்கவில்லை. எங்கள் பங்கை விட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான். அந்த இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் எல்லாம் எங்கள் பக்கம் வந்து நிறைந்தபோது, எங்கள் முற்றத்தில் பற்றரி வரிசை ஒழுங்கை வரைக்கும் நின்றதாக ஐயா கடிதம் போட்டார். பெரியம்மாவைப் பிறகு இங்கே எடுத்து எங்களோடு வைத்திருந்தோம். பனியை ஏசிக்கொண்டே நல்ல வயதுவரை இருந்து, போன வருடம்தான் போனா.

7

“முதலீடு திரும்பி வர எவ்வளவு காலம்?” என்று மதுரா கேட்டாள். அவளுடைய படிவத்தில் கடைசிக் கட்டம் அது.

“எனக்கென்ன தெரியும். அந்த மோடன் வாயைத் திறந்து சந்தனத்தைத் துடைக்கச் சொல்லியிருந்தால் திருநெல்வேலியிலை மாதவாடகை வந்திருக்கும். உன்ரை அப்பாவைக் கேள்” என்றேன்.

இந்தப் பகிடி எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. பல்பு எரியாவிட்டால், கார் இயங்காவிட்டால், யாராவது ஒருவர் சந்தனத்துக்கும் கறண்டுக்கும் என்ன தொடுப்பு என்று கேட்போம். சிவம் சிரித்துவிட்டுப் போவார். அன்றைக்கும் அடுப்படியில் பணிஸைத் தின்றுகொண்டு சிரித்தார்.

மதுரா சிரிக்கவில்லை. பொருளாதாரம் படிக்கிறவள், கணக்குப் பிழைத்தால் விடமாட்டாள்.

“அப்பா, ஒவ்வொரு கிழமையும் போய் முள்ளைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களெல்லோ. உங்களுக்கு உண்மையா விளங்கேல்லையோ?”

சிவம் பணிஸை மென்று விழுங்கினார்.

“பூவரசு இலை ஒண்டு விழுந்தாலே முள்ளு படுக்கும். எத்தினை தரம் நானே எடுத்து விட்டிருக்கிறன்.”

எனக்குக் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“ராணி, நீர் படலையடியிலை சொன்னது எனக்குக் காது கேட்டதுதானே.”

“முப்பது வருசம். ஒருக்கா எனக்காவது சொல்லக்கூடாதோ?”

“உமக்குச் சொன்னால் பெரியம்மாவுக்குச் சொன்ன மாதிரி. மனிசி இருக்கும் வரைக்கும் எப்பிடிச் சொல்லுறது? நான் பொய் சொல்லி ஏமாத்தினது எண்டு தெரிஞ்சால் உடைஞ்சு போயிருப்பா.”

மதுரா பேனையைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இந்த மனிசனை நான் எத்தனை வீடுகளில், எத்தனை கொண்டாட்டங்களில், எத்தனை பேருக்கு முன்னால் பகிடி பண்ணியிருக்கிறேன்.

“எல்லாரும் மோடன் மோடன் எண்டு சொல்ல, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?” என்றேன்.

யன்னலுக்கு வெளியே மலையின் உச்சியில் இந்த வருடத்து முதல் வெயில் கொஞ்சம் பட்டுக்கொண்டிருந்தது.

“பலகையோடை உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் விலை கூடியிருக்கும்” என்றார். “இந்தப் பேர் எனக்கு மலிவாத்தான் முடிஞ்சது.”